காரிடார் நழுவினால் ரிப்போர்ட்டுக்குத் தெரியாது

"ரெஜிஸ்ட்ரேஷன் எவ்வளவு வந்தது?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குகிறேன். பல இடங்களில் நின்று எடுத்த லேசர் ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண், பொருத்திய பிறகு மிச்சமிருக்கும் பிழை. 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். 8 என்றால் புருவம் உயரும். 15 என்றால் மறுபடி போய் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். லேசர் ஸ்கேன்களைப் பொருத்தும் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தச் சடங்கு பழக்கம்தான். எண் சிறியதாக இருந்தால் வேலை முடிந்தது, கோப்பை அனுப்பிவிடலாம். நானும் அந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசிக்க ஆரம்பித்ததிலிருந்து, அதை யாரிடமாவது சொல்லும்போது பாதி உண்மையைச் சொல்வது போல ஒரு கூச்சம்.

இந்தக் கூச்சத்தை ஆரம்பித்து வைத்தது ஒரு நீளமான காரிடார். வேறொரு குழு ஸ்கேன் எடுத்து, எல்லாவற்றையும் பொருத்தி, ஒரே ஈ57 கோப்பாக (ஸ்கேன்களைச் சேமிக்கும் ஒரு கோப்பு வடிவம்) கொடுத்திருந்த கட்டடம். அதிலிருந்து தளவரைபடம் வரைய வேண்டியது என் பொறுப்பு. கூடவே வந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் சராசரிப் பிழை 2 மில்லிமீட்டர் என்று பச்சை நிறத்தில் இருந்தது. உள்ளே போனால் ஒவ்வொரு ஸ்கேன் ஜோடிக்கும் தனி வரி, எல்லா வரியும் பச்சை. அறைகளை வரைந்தேன், கதவுகளை வைத்தேன், எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் வெளிச்சுவர்களை வரையும்போதுதான் இடித்தது. காரிடாரின் ஒரு முனையில் சுவரின் தடிமன் 23 சென்டிமீட்டர். மறுமுனையில் அதே மாதிரி கட்டிய, அதே மாதிரி ஜன்னல் வைத்த சுவர், 53 சென்டிமீட்டர். கோட்டைச் சுவரா என்ன?

ஒன்று கட்டடம் அப்படி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே எடுத்த ஸ்கேன்கள் எங்கோ 30 சென்டிமீட்டர் சுருங்கியிருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தவர்களிடம் கேட்டேன். "ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?" என்று பதில் வந்தது. அவர்கள் மழுப்பவில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்கள். கையடக்க லேசர் மீட்டரோடு ஒருவர் போய்க் காரிடாரை முனையிலிருந்து முனைவரை ஒருமுறை அளந்து வந்ததும் தகராறு தீர்ந்தது. நிஜக் காரிடார் பாயின்ட் கிளவுடில், அதாவது ஸ்கேன்கள் தந்த புள்ளி மேகத்தில், இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம். சுவர் 23 சென்டிமீட்டர்தான். நடுவில் இரண்டு ஸ்கேன்கள் ஒன்றன்மேல் ஒன்று கூடுதலாக ஏறி உட்கார்ந்திருந்தன.

வரைபடத்தைத் திருத்துவது சுலபமாக முடிந்துவிட்டது. எனக்கு அடங்காமல் இருந்தது வேறு. 30 சென்டிமீட்டர் தப்பாக இருக்கிற ஒரு ஜோடிக்கு எப்படி 2 மில்லிமீட்டர் பிழை வரும்?

எண் எங்கிருந்து வருகிறது

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஐ.சி.பி.யை (Iterative Closest Point, இரண்டு புள்ளி மேகங்களைத் தானாகப் பொருத்தும் கணக்குமுறை) அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் பெசலும் நீல் மக்கேயும் 1992இல் எழுதிய கட்டுரையில் இருந்த அந்த அடிப்படைச் சுழற்சிதான் இன்றைக்கும் பெரும்பாலான மென்பொருள்களின் வயிற்றுக்குள் ஓடுகிறது. ஒரு மேகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற மேகத்தில் எது மிக அருகில் இருக்கிறதோ அதை ஜோடி சேர். அந்த ஜோடிகளின் தூரம் மொத்தத்தில் குறையும்படி மேகத்தைத் திருப்பி நகர்த்து. மறுபடி ஜோடி சேர். மாற்றம் ஒன்றும் இல்லாமல் போகும்வரை இதையே செய். திருப்புவதற்கு மூன்று எண்கள், நகர்த்துவதற்கு மூன்று எண்கள், ஆக ஆறே எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதே காலத்தில் சென், மெடியோனி இருவரும் புள்ளிக்குப் புள்ளி தூரம் பார்ப்பதற்குப் பதிலாக, புள்ளியிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பரப்பின் தளம்வரை உள்ள தூரத்தைப் பார்க்கலாம் என்றார்கள். சுவர், தரை என்று தட்டையான பரப்புகள் நிறைந்த இடங்களில் இந்த இரண்டாவது வழி வேகமாகப் படியும் என்பதால், கட்டட ஸ்கேன்களுக்கு இதைத்தான் பலரும் விரும்புகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் "மிக அருகில்". ஜோடி சேர்கிற இரண்டு புள்ளிகளும் சுவரில் ஒரே இடத்தைச் சேர்ந்தவையா என்று ஐ.சி.பி.க்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஸ்கேனர் இரண்டு இடங்களிலிருந்து சுட்டால் ஒரே புள்ளியில் இரண்டு தடவை லேசர் விழுவதே இல்லை. ஆகவே எது அருகில் இருக்கிறதோ அதுதான் ஜோடி என்பது ஓர் ஊகம். ஆரம்ப இடம் ஓரளவு சரியாக இருந்தால் ஊகமும் சரியாக இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் சரியாகும். ஆரம்பமே தப்பாக இருந்தால் தப்பான ஜோடிகள் சேர்ந்து, அந்தத் தப்பான ஜோடிகளுக்குள் தூரம் குறைந்து, ஒரு இடத்தில் நின்றுவிடும். நின்ற இடத்தில் மிச்சமிருக்கும் தூரங்களின் சராசரிதான் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்கு வருகிறது. குறைக்கச் சொன்னது எதுவோ, குறைந்ததா என்று பார்ப்பதும் அதையே வைத்துத்தான். பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்துகிற கதை.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும்தான். ஆனாலும் 30 சென்டிமீட்டர் என்பது மனசுக்கு ஒப்பவில்லை. ஏதோ 1 சென்டிமீட்டர், 2 சென்டிமீட்டர் நழுவியிருந்தால் அளவீட்டின் சிறு தடுமாற்றங்களுக்குள் மறைந்துவிட்டது என்று விட்டிருப்பேன். ஓர் அடி நழுவினால் எங்காவது ஓர் இடத்திலாவது அலறியிருக்க வேண்டாமா? அதனால் அந்த இரண்டு ஸ்கேன்களையும் தனியாகப் பிரித்தெடுத்து, கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் திறந்து, முனைச் சுவரையும் கதவு நிலைகளையும் வைத்துக் கையால் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஐ.சி.பி. ஓட்டி உறுதி செய்துகொண்டேன். வந்த எண்ணை ஓரமாகக் குறித்து வைத்தேன்.

தள்ளிப் பார்த்தது

முதலில் சரியாக உட்கார்ந்திருந்த ஸ்கேனைப் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர் தள்ளினேன், அதாவது இடப்பக்கச் சுவரை நோக்கி. மறுபடி ஐ.சி.பி. ஓட்டினேன். ஓடி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மேலே தூக்கி விட்டுப் பார்த்தேன், இறங்கி வந்துவிட்டது. ஒரு டிகிரி திருப்பி விட்டேன், திரும்பிக்கொண்டது. மூன்று முறையும் கிட்டத்தட்ட அதே எண். இதுவரை மகிழ்ச்சி.

அப்புறம் காரிடாரின் நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் தள்ளினேன். அலசி எடுக்க வசதியாக, 10 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் ஜோடிகளை ஒதுக்கிவிடு என்ற வரம்பையும் வைத்தேன். மென்பொருளுக்கு மென்பொருள் இதன் பெயர் மாறினாலும் ஏதோ ஒரு வடிவத்தில் எல்லாவற்றிலும் இருக்கிற வரம்புதான். ஐ.சி.பி. ஓடியது. ஒரு சில சுற்றுகளில் முடிந்துவிட்டது. ஸ்கேன் நான் விட்ட இடத்திலேயே நின்றது. எண், நான் குறித்து வைத்ததிலிருந்து மூன்றாவது தசம இடத்தில்தான் மாறியிருந்தது.

திரையில் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டு சுவர்க் கோடுகள், இரண்டு நிறங்களும் கலந்து ஒரே கோடாக. பக்கவாட்டில் பார்த்தால் தரையும் கூரையும் சுத்தமாகப் பொருந்தியிருந்தன. ஒவ்வொரு கதவின் நிலையையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிந்தது. சாத்தியிருக்கும் கதவு, சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் உள்வாங்கியிருக்கிறது. அந்த உள்வாங்கலின் பக்கவாட்டுப் பரப்பு, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு செங்குத்துப் பட்டை. ஒரு நிறத்தில் ஒரு பட்டை, அதற்கு ஓர் அடி தள்ளி மற்ற நிறத்தில் இன்னொரு பட்டை. ஒரே கதவுக்கு இரண்டு நிலைகள். மொத்தக் காரிடாரிலும் "நான் இங்கே இல்லை, அங்கே இருக்கிறேன்" என்று சொல்லக்கூடியவை அந்தப் பட்டைகளும் முனைச் சுவரும் மட்டும்தான். லட்சக்கணக்கான புள்ளிகளில் அவை ஒரு கைப்பிடி.

கணக்கு அப்போது பளிச்சென்று ஆனது. காரிடாரில் தரையும் கூரையும் சேர்ந்து உயரத்தையும் இரண்டு சாய்வுகளையும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பக்கச் சுவர்கள் பக்கவாட்டு நகர்வையும் திரும்பலையும் பிடித்துக்கொள்கின்றன. ஆறு எண்களில் ஐந்துக்கு ஆள் இருக்கிறது. ஆறாவதாகிய நீளவாக்கு நகர்வுக்கு யாரும் இல்லை. சுவரைச் சுவர்மேல் எவ்வளவு தூரம் வழுக்கினாலும் தளத்துக்கான தூரம் மாறாது. அதனால் பிழையும் மாறாது. ஐந்து திசைகளில் அது காட்டும் துல்லியம் உண்மையானது. அந்த 2 மில்லிமீட்டரும் உண்மையானது. ஆறாவது திசையில் அது வாயே திறக்கவில்லை, நாம்தான் அதற்கும் சேர்த்து 2 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

முனைச் சுவர் எங்கே போனது என்று கேட்கலாம். அது தெளிவாக 30 சென்டிமீட்டர் விலகித்தானே நின்றது? நின்றது. ஆனால் 10 சென்டிமீட்டர் வரம்பு அதை ஒதுக்கிவிட்டது. வரம்பை எடுத்துவிட்டு ஓட்டினால் எண் 2 மில்லிமீட்டரிலிருந்து சட்டென்று சென்டிமீட்டர் கணக்குக்குத் தாவியது. கதவு நிலைகளையும் முனைச் சுவரையும் மட்டும் வெட்டியெடுத்து, அவற்றை மட்டும் வைத்து ஐ.சி.பி. ஓட்டினால் ஸ்கேன் நகர்ந்து தன் இடத்துக்கு வந்தேவிட்டது. சான்று முழுவதும் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. வரம்பு வைத்தது தப்பும் இல்லை. இரண்டு ஸ்கேன்களும் முழுதாக ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. ஒன்றில் தெரிகிற அறை மற்றதில் தெரியாது; நடுவில் யாராவது நடந்து போயிருப்பார்கள்; கதவு ஒன்றில் திறந்தும் மற்றதில் சாத்தியும் இருக்கும். இவற்றை ஒதுக்காவிட்டால் பொருத்தமே கெட்டுப்போகும். ஆக, வேண்டாத புள்ளிகளைத் தள்ளுகிற அதே கதவு வழியாகத்தான் மிக வேண்டிய புள்ளிகளும் வெளியே போகின்றன.

கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தள்ளினேன். கதவு நிலைகள்கூட ஒன்றன்மேல் ஒன்று அழகாக உட்கார்ந்துகொண்டன. பல மீட்டர் தப்பு. எண், 30 சென்டிமீட்டர் தள்ளியபோது வந்ததைவிட நன்றாக இருந்தது.

குறைக்க விரும்பினால் குறையும்

இதற்குப் பிறகு அந்த எண்ணோடு கொஞ்சம் விளையாட ஆரம்பித்தேன். வரம்பை 10 சென்டிமீட்டரிலிருந்து 5 ஆக்கினால் பிழை குறைகிறது. 1 சென்டிமீட்டர் ஆக்கினால் இன்னும் குறைகிறது. மேகம் இம்மியளவும் நகரவில்லை. வேறு எப்படி இருக்க முடியும்? 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகிய ஜோடிகளையே எண்ணாதே என்று சொல்லிவிட்டால், சராசரி 1 சென்டிமீட்டரைத் தாண்ட வழியே இல்லை. ஆகவே, வரம்பு என்ன என்று சொல்லாமல் 2 மில்லிமீட்டர் என்று மட்டும் சொன்னால் அது அரைவாக்கியம். எனக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் வரம்பு அச்சாகியிருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எத்தனை சதவீதப் புள்ளிகள் ஜோடி சேர்ந்தன என்ற ஓவர்லாப் எண்ணாவது பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தேவலை. பிழை 2 மில்லிமீட்டர், ஓவர்லாப் 70 சதவீதம் என்பதும், பிழை 2 மில்லிமீட்டர், ஓவர்லாப் 12 சதவீதம் என்பதும் ஒரே செய்தி அல்ல.

தரை செய்யும் குறும்பும் உண்டு. ஸ்கேனர் கோணக் கணக்கில் சுடுகிறது. 10 மீட்டர் தள்ளி 6 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும்படி அமைத்தால், 1 மீட்டர் தூரத்தில் 0.6 மில்லிமீட்டருக்கு ஒன்று விழும். பரப்பளவில் பார்த்தால் நூறு மடங்கு அடர்த்தி. முக்காலியைச் சுற்றிய தரை, பக்கத்துச் சுவர் இவைதான் மேகத்தின் பெரும்பான்மை. அடுத்த ஸ்கேனும் ஏழெட்டு மீட்டர் தள்ளி அதே தரையில் நிற்கிறது. அப்படியே ஐ.சி.பி.க்குக் கொடுத்தால் வாக்கெடுப்பில் தரை ஜெயிக்கும். தரை பொருந்தினால் எண் சிறிதாகும். தூரத்து ஜன்னல் என்ன சொல்கிறது என்பது எண்ணிக்கையில் கரைந்துபோகும். அதனால் பொருத்துவதற்கு முன்னால் சீரான இடைவெளியில் புள்ளிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது, 1 அல்லது 2 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று. கண்மூடித்தனமாகத் தற்செயல் மாதிரி எடுத்தால் அடர்த்தி வித்தியாசம் அப்படியே தங்கிவிடும். 2003இல் கெல்ஃபாண்டும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் திசையில் மேகம் வழுக்கக்கூடும் என்று முதலில் கணக்கிட்டு, அந்த வழுக்கலைத் தடுக்கக்கூடிய புள்ளிகளைத் தேடித் தேடி எடுக்கும் முறையைச் சொன்னார்கள். கதவு நிலைகளை நான் கையால் வெட்டியெடுத்ததை அது தானாகச் செய்யும். இவ்வளவு வருடங்களுக்குப் பிறகும், "இந்தத் திசையில் எனக்கு நிச்சயமில்லை" என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் வர மாட்டேன் என்கிறதே என்பதுதான் என் குறை.

கோணத்தையும் சொல்ல வேண்டும். பொருந்திய பகுதி சின்னதாக, ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் அங்கே பிழை தெரியாது, தொலைவில்தான் தெரியும். 0.01 டிகிரி என்பது கேட்க ஒன்றுமில்லாதது. 50 மீட்டர் தள்ளிப் போனால் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கண்ணியும் பச்சையாகவே இருக்கும், வால் மட்டும் வளைந்திருக்கும். சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தை மறுபடி தொட்டால்தான் இந்த வளைவு அம்பலமாகும். நிலஅளவைக்காரர்கள் டிராவர்ஸை, அதாவது புள்ளி புள்ளியாக அளந்துகொண்டு போகும் பாதையை, மூடாமல் நம்ப மாட்டார்கள்; அந்த ஒழுக்கம் நம் தொழிலில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஏனென்றால் நம் மென்பொருள்கள் சுற்று மூடியதும் விட்டுப்போன தூரத்தை எல்லாக் கண்ணிகளுக்கும் பங்குபோட்டு மென்று விழுங்கிவிடுகின்றன. பங்குபோடுவது சரியான கணக்குதான். பங்கு போடுவதற்கு முன்னால் எவ்வளவு விட்டுப்போயிருந்தது என்பதை ஒரு மூலையிலாவது எழுதி வைக்கக் கூடாதா?

டார்கெட் வைத்தால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லை என்பார்கள். ஸ்கேன்களில் அடையாளம் காண்பதற்காக வைக்கும் வெள்ளை உருண்டைகள், கறுப்பு வெள்ளைக் கட்ட அட்டைகள்தான் டார்கெட். பெரும்பாலும் உண்மைதான். காரிடாரில் இரண்டு ஸ்கேனுக்கும் தெரிகிற மாதிரி உருண்டைகள் வைத்திருந்தால் 30 சென்டிமீட்டர் நழுவியிருக்காது. ஆனால் அங்கேயும் எண்ணை நம்பிக் கண்ணை மூட முடியாது. மூன்று டார்கெட் என்றால் ஒன்பது அளவுகள், கண்டுபிடிக்க வேண்டியவை ஆறு. மிச்சம் மூன்று. அந்த மூன்றும் சொல்வது, முக்கோணத்தின் மூன்று பக்க நீளமும் இரண்டு ஸ்கேனிலும் ஒன்றுதானா என்பதை மட்டுமே. மூன்று டார்கெட்டும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் பக்க நீளங்கள் அற்புதமாக ஒத்துப்போகும், பிழை 1 மில்லிமீட்டர் வரும், மேகம் அந்தக் கோட்டை அச்சாக வைத்துக்கொண்டு கொஞ்சம் சுழன்றுகிடக்கும். காரிடாரில் டார்கெட்டுகளை எப்படி வைப்போம்? நடக்கிறவர்கள் தட்டிவிடாமல் இருக்க ஒரே சுவரோரமாக, வரிசையாகத்தான். ஸ்கேனரின் சாய்வுமானி நன்றாக வேலை செய்தால் இந்தச் சுழற்சி பிடிபடும். அதை அணைத்துவிட்டு ஸ்கேன் எடுத்திருந்தால் பிடிபடாது.

இடையில் ஒரு விஷயம். மேகம் தப்பாகப் பொருந்தியது போலத் தெரிந்து, கடைசியில் பொருத்தத்தில் குற்றமே இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. நிலஅளவை ஆயத்தொலைவுகளில் இருக்கும் மேகத்தைத் திறந்தால் சுவர்கள் படிக்கட்டு மாதிரி வரிவரியாகத் தெரியும். வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் எண்ணைச் சேமிக்கிற மென்பொருளில் அந்த அளவுள்ள அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அதற்கு நடுவில் இருக்கிற புள்ளிகள் எல்லாம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளப்படும். கோப்பைத் திறக்கும்போது கிளவுட்கம்பேர் ஒரு பெரிய எண்ணைக் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்பது இதற்காகத்தான். எரிச்சலில் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, ரெஜிஸ்ட்ரேஷன் சரியில்லை என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிப் பார்ப்பது

என்னதான் செய்கிறேன் என்றால், எண்ணைப் பார்த்துவிட்டு மேகத்தை வெட்டுகிறேன். நெஞ்சு உயரத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கிடையாக ஒரு சீவல். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு நிறம், பின்னணி கறுப்பு. நிழல், வெளிச்சம், புள்ளியின் சொந்த நிறம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். அசல் நிறத்தில் பார்த்தால் எல்லா மேகமும் அழகாகத்தான் தெரியும். சரியாகப் பொருந்திய சுவர் இரண்டு நிறங்களும் உப்பும் மிளகும் போலக் கலந்த ஒரே கோடாக இருக்கும். நழுவியது இரண்டு தனித்தனி ரயில் தண்டவாளம். திரும்பியிருந்தால் ஒரு முனையில் கலந்தும் மறுமுனையில் பிரிந்தும் இருக்கும். எங்கே பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். ஸ்கேனருக்குப் பக்கத்தில் பார்த்துப் பயனில்லை, அங்கே எப்போதும் பொருந்தித்தான் இருக்கும். ஓவர்லாப் முடிகிற ஓரத்துக்குப் போக வேண்டும். நீளவாக்கில் ஒரு சுவர், அதற்குக் குறுக்காக ஒரு சுவர், தலைக்கு மேலே ஏதாவது ஒன்று. மூன்று திசைக்கும் ஒவ்வொரு பரப்பாவது கண்ணால் பார்க்காமல் நான் இப்போது ஒரு ஜோடியை விடுவதில்லை.

கதவு நிலையின் விளிம்பைக் கூர்ந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லேசர் கற்றைக்கும் ஒரு தடிமன் உண்டு. அது விளிம்பில் பாதியும் பின்னால் இருக்கும் சுவரில் பாதியும் விழுந்தால், ஸ்கேனர் இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரத்தைச் சொல்லிவிடும். விளிம்பிலிருந்து பின்சுவர்வரை காற்றில் தொங்குகிற ஒரு புள்ளி வால் தெரிவது இதனால்தான். இரண்டு ஸ்கேனிலும் வால் எதிரெதிர்த் திசையில் இருக்கும். அதைப் பார்த்து மேகம் நழுவிவிட்டது என்று பதறக் கூடாது. கண்ணாடிக் கதவும் அப்படித்தான், அதற்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று முளைத்திருக்கும். சீவலைப் பார்ப்பவருக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலையை ஓர் எண்ணால் மாற்றி வைக்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். எண்ணைப் படிக்கத் தனியாகப் பழகத் தேவையில்லை.

எண் மீது எனக்குக் கோபம் கிடையாது. பழகிப்போன எண்ணை யாரும் மறுபடி அளப்பதில்லை என்பதுதான் உறுத்துகிறது. கணினி விஞ்ஞானி மார்க் லெவாயின் குழு மைக்கலேஞ்சலோவின் டேவிட் சிலையை ஸ்கேன் செய்யப் போனபோது, கலை வரலாற்றுப் புத்தகங்கள் அதன் உயரம் 434 சென்டிமீட்டர் என்று எழுதி வைத்திருந்தன. பீடம் இல்லாமலே சிலை 517 சென்டிமீட்டர் இருந்தது. உலகத்தில் அதிகமாகப் பார்க்கப்பட்ட சிலைகளில் ஒன்று, எத்தனையோ பேர் அதன் காலடியில் நின்றிருக்கிறார்கள். எண் மட்டும் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவிக்கொண்டிருந்திருக்கிறது. அதோடு பார்த்தால் நம் காரிடார் ஓர் அடி தப்பியது பெரிய விஷயமில்லைதான்.

தள்ளிப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சந்தேகமான ஜோடி என்றால் ஒரு பிரதி எடுத்து, மூன்று திசையிலும் கொஞ்சம் தள்ளிவிட்டு, திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். எவ்வளவு தள்ளினாலும் வர வேண்டும் என்றில்லை, ஐ.சி.பி. பக்கத்து வீடுவரை போய்த் தேடாது. ஆனால் வரம்புக்குள் சில சென்டிமீட்டர் தள்ளியும் ஒரு திசையில் வரவில்லை என்றால், அந்தத் திசைக்கு அந்த ஜோடியில் ஆதாரம் இல்லை என்று அர்த்தம். அந்தத் திசைக்கு ஆதாரம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்: ஒரு டார்கெட், வெளியே சுற்றி வந்து மூடும் ஒரு சுற்று, அதுவும் இல்லையென்றால் லேசர் மீட்டரில் எடுத்த ஒரே ஒரு நீளம். கட்டடத்துக்குள் போகிற குழுவிடம் இப்போது இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு நீளமான காரிடாருக்கும் ஒரு நீளம் அளந்து எழுதுங்கள், ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஓர் உயரம். காரிடார் நழுவுகிற மாதிரி மாடிப்படிக்கூடு உயரவாக்கில் நழுவும். நாலு பக்கமும் சுவர், எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரிப் படிகள், ஒரு படி மாறி உட்கார்ந்தாலும் பச்சைதான்.

சிலர் அளந்து கொடுக்கிறார்கள். சிலர், இவ்வளவு விலை கொடுத்து ஸ்கேனர் வாங்கிய பிறகும் கையால் அளக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு அந்த 53 சென்டிமீட்டர் சுவரின் சீவலை அனுப்பி வைக்கிறேன், ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து.